இருபத்து மூன்று கிலோ நானூறு

குலசேகரத்தில் விமானப் பெட்டியை எடை பார்க்க
ஞானசிகாமணி அண்ணனின் ரப்பர் கடைதான்.
ஷீட் அடுக்கும் தராசில் என் நீலப் பெட்டி ஏறியது.
பால்வெட்டு முடித்து நேரே வந்த அப்பா
கைகழுவாமல் நின்றார்,
சிவப்பு எண்கள் அடங்கும்வரை.

அண்ணன் பழக்கதோஷத்தில் சீட்டு எழுதினார்:
சத்தியதாஸ் மகள் பெட்டி, 23.400.
அன்றைய விலை நூற்று அறுபது.
பெருக்கி, மூவாயிரத்து எழுநூற்று நாற்பத்து நான்கு
என்று போட்டபிறகுதான்
நாக்கைக் கடித்துக்கொண்டு அடித்தார்.
அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நானூறு கிராமை இறக்க வேண்டும்.
நல்லமிளகைத் தொட்டேன், விட்டேன்.
அடியில், நான் வைக்காத ஒரு பாட்டுப் புத்தகம்,
சபையில் அம்மா விரித்துப் பிடிப்பது.
எடுத்து நீட்டினேன்.
"செரி மக்களே" என்று
கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

தம்பெரேயில்
பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்று
ஒருவர் எழுந்துபோய் நின்றார்.
முதல் குளிருக்கு அதை நினைத்து அழுதேன்.
இரண்டாம் குளிரில்
என் பக்கத்தில் யாரோ உட்கார, நானும் எழுந்து நின்றேன்.

அங்கே வந்தால் 'மொய்' என்பார்கள்.
கிளம்பினால் 'மொய் மொய்'.
முதல் நாள் ஆய்வகத்தில் ஆறு பேர் வரிசையாக மொய் வைக்க
மனதுக்குள் நோட்டுப் போட்டு எழுதினேன்.
திருப்பிச் செய்யாதவளை
கல்யாண வீடுகள் மறப்பதில்லை.
திருவட்டார் வங்கியும் மறப்பதில்லை:
பதினான்கு லட்சம், வீட்டுப் பத்திரம்,
அப்பா எழுத்துக்கூட்டிப் போட்ட மூன்று கையெழுத்து.

டிசம்பரில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
நெற்றியில் விளக்குக் கட்டிய ஒருவன்
பூர்ச்ச மரங்களுக்கு நடுவே ஓடிவந்தான்.
எந்த மரத்திலும் நிற்கவில்லை.
எதையும் கீறவில்லை.
சும்மா, உடம்புக்காக ஓடுகிறான் என்று புரிய
எனக்கு ஒரு நிமிடம் ஆனது.

பிறகு நானும் ஒரு விளக்கு வாங்கினேன்.
இரவு இரண்டு மணிக்குப் பேப்பர் போடும் வேலை,
நானூறு கதவுகள், மின்தூக்கி இல்லாத மாடிகள்.
அப்போது இங்கே ஐந்தரை.
அப்பா பாதி மரம் முடித்திருப்பார்.
பல்கலைக்கழகத்தில் வேலை என்று சொல்லியிருந்தேன்.
பொய் சொல்ல வேண்டாத அளவுக்கு
அது நல்ல வேலைதான்.
ஆனாலும் அவர் தலையிலிருந்து கழற்றிய விளக்கை
நான் எடுத்துக் கட்டுவதற்கா
அந்த மூன்று கையெழுத்து?

இரண்டாம் வருடம், மூன்று வார விடுப்பு முடிந்து
மறுபடி அதே தராசு.
பத்தொன்பது கிலோ.
"நாலு கிலோ எடம் சும்மா கெடக்கு பிள்ளே."
அம்மா தேன் என்றாள், சக்கைவற்றல் என்றாள்.
எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்:
"அங்கயே கெடைக்கும்."
சொல்லிவிட்டு, கேட்ட எனக்கே திக்கென்றது.
பாட்டுப் புத்தகத்தை அவள் எடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

பூட்டு சரியாக விழாமல்
அப்பா பெட்டியைத் திறந்து அமுக்கியபோது
விளக்கு அவர் கையில் வந்தது.
"நல்ல வெளக்கு. சார்ஜ் எத்தன மணிக்கூர் நிக்கும்?"
ஆறு என்றேன்.
"எனக்கா?"
"ஓ, உங்களுக்குத்தான். குடுக்க மறந்துட்டேன்."
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பட்டையில் சிக்கியிருந்த ஒரு நீள முடியை
மெல்ல இழுத்து, ஊதிவிட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஆட்டோவில் ஏறும்போது
வாய் தவறி வந்துவிட்டது, "மொய் மொய்."
"ரெண்டு மொய்யா? யாருக்க வீட்டுக் கல்யாணம்?"
ஞானசிகாமணி அண்ணன் சீட்டுப் புத்தகத்தைத் தேடினார்.
அம்மா சிரித்தாள்.
அப்பா அந்த நடுப்பகலில்
விளக்கைப் போட்டும் அணைத்தும்
பார்த்துக்கொண்டிருந்தார்.